நிறத்துக்குச் சாட்சி கேட்டவர்

காலை மணி பத்து பதினேழு. முதலில் என் கண்ணில் பட்டது ஊறுகாய்.

கணினித் திரையில் ஒரு கல்யாணப் பந்தி அசையாமல் நின்றிருந்தது. வரிசையாக ஆறு பேர், ஆறு வாழை இலைகள், பின்னால் தகரத் தடுப்பு. எல்லாம் கறுப்பு வெள்ளை. மூன்றாவது ஆளின் இலை ஓரத்தில் இருந்த மாங்காய் ஊறுகாய் மட்டும் எண்ணெய் மினுங்கும் சிவப்பு.

பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைகளுக்குப் பின்னால் போகும் சந்தில், இரண்டாவது மாடி அறை அது. ஞாயிறு மலருக்கு அரைப் பக்கக் கட்டுரை எழுதுவதற்காகப் போயிருந்தேன். வீடுகளில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களுக்கு ஒரு பெண் கையால் நிறம் போட்டுக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கதவு திறந்தே இருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் திரைக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை.

“ஊறுகாய் மட்டும் ஏன் கலர்ல இருக்கு?” என்று கேட்டேன். வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

“அதுக்கு மட்டும்தான் ஆள் கெடைச்சிருக்கு.”

“ஆளா?”

“பார்த்த ஆள். பொண்ணோட சித்தி ஈப்போலேர்ந்து கொண்டு வந்த ஊறுகாய். சாப்பிட்ட நாலு பேரு உயிரோட இருக்காங்க. தனித்தனியா கேட்டேன், நாலு பேரும் ஒரே செவப்பத் தொட்டுக் காட்டுறாங்க. அவ்ளோ காரமாம்.”

“இலை பச்சைதானே? அதைப் போட்டுடலாமே.”

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். “அன்னிக்குப் போட்டது பச்சை இலையா, வாடிப்போன இலையா? யார் பார்த்தா?”

அதன் பிறகு இரண்டு வருடங்கள் அந்த அறைக்குப் போய்வந்தேன். ‘யார் பார்த்தா?’ என்ற கேள்வி காதில் விழாமல் ஒருநாளும் படி இறங்கியதில்லை.

கட்டுரையில் தன் பெயர் வரக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். “கலர் சொன்னவங்க பேரப் போடுங்க. நான் வெறும் பூசறவ.” அன்று போடவில்லை. இன்றும் போடப்போவதில்லை. நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை ‘பேப்பர் அண்ணே’ என்பார். எங்களில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீர்க்கப்படவே இல்லை.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். கலர் மேட்சர் என்பது அவருடைய பதவி. வாடிக்கையாளர் ஒரு துண்டுத் துணியையோ உடைந்த ஓட்டுச் சில்லையோ அனுப்பி, இதே நிறம் ஆயிரம் லிட்டர் வேண்டும் என்பார். அதே நிறத்தைக் கலந்து காட்டுவது இவர் பொறுப்பு. குழல் விளக்கில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நிறங்கள் வெயிலில் அண்ணன் தம்பி ஆகிவிடும், குண்டு பல்பின் கீழே அந்நியர்கள் ஆகிவிடும் என்பார். அதனால் எந்தப் பொருளையும் வெளிச்சத்தை மாற்றிப் பார்க்காமல் அவர் நம்பியதில்லை. அறையின் கூரையில் மூன்று வகை விளக்குகள் இருந்தன. பாசார் சந்தையில் மீன் வாங்கினால் மீனைத் தூக்கிக்கொண்டு கூரைக்கு வெளியே போய்விடுவார். மீன்காரர் முதல் இரண்டு தடவை பின்னாலேயே ஓடியதாகச் சொல்வார்கள்.

சந்து முனையில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் கடை. அங்கே தேத்தண்ணி வந்ததும் கிளாஸை உயர்த்திப் பார்த்துவிட்டு, “பாஸ், நேத்தைவிட இன்னைக்குக் கொஞ்சம் வெளுத்திருக்கு” என்பார்.

“அக்கா, கண்ண மூடிட்டுக் குடிங்க லா” என்பார் கடைக்காரர். “நாக்குக்குத்தான் போட்டேன், கண்ணுக்கு இல்ல.”

“பாலா, தூளா? எத மாத்துனீங்க?”

கடைக்காரர் என்னைப் பார்ப்பார். பால் டின் மாறியிருக்கும்.

அவருடைய வேலைமுறையைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வீட்டுச் சுருள் நொடிக்குப் பதினாறு படம் ஓடும். நிமிடத்துக்குத் தொள்ளாயிரத்து அறுபது. சுருளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றி, ஒவ்வொரு படத்தையும் திறந்து, மேசையில் கிடக்கும் தட்டையான பலகையின் மேல் ஒரு பேனாவால் நிறம் போடுவார். தானாகவே நிறம் பூசும் மென்பொருள் அப்போதே வந்துவிட்டிருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன்.

“அது கெஸ் பண்ணும் அண்ணே. கெஸ் பண்றது தப்பில்ல. கெஸ்ஸுன்னு சொல்லணும்ல? அது சொல்லாது.”

ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு பள்ளிக்கூட நோட்டு. அதில் கோடு கிழித்துப் பிரித்த மூன்று காலம்: பொருள், நிறம், பார்த்தவர். மூன்றாவது காலம் காலியாக இருந்தால் அந்தப் பொருள் திரையில் சாம்பலாகவே இருக்கும். இதனால் வந்த சண்டைகள் பல. ஒரு செந்தூல் குடும்பம் தங்கள் தாத்தாவின் கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் நிறம் வந்தது, மாப்பிள்ளையின் கார் மட்டும் சாம்பலாக இருக்கிறதே என்று ஆள் அனுப்பிவிட்டது. வந்தவர் மாப்பிள்ளையின் தம்பி. எழுபதைத் தாண்டியவர்.

“கார நான்தான் ஓட்டுனேன். அது கிரே காருதான்.”

“நீங்களே பார்த்தீங்களா?”

“பார்க்காம எப்படிம்மா ஓட்டுறது?”

“அப்ப சரி.” நோட்டை எடுத்து அவர் பெயரை எழுதினார். பெயின்ட் கடைகளில் இருப்பதுபோல நிற அட்டைகளைக் கோத்த ஷேட் கார்டு விசிறியை விரித்து, எந்தச் சாம்பல் என்று தொட்டுக் காட்டச் சொன்னார். பெரியவர் சிரித்துக்கொண்டே ஒன்றைத் தொட்டார். மறுவாரம் அந்தக் காருக்கு, முந்நூறு படங்களில், சாம்பலின் மேல் சாம்பல் பூசினார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் அவராகவே சொன்னார். அவருடைய அம்மாவின் கல்யாணப் புகைப்படத்துக்கு அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர் கையால் நிறம் தீட்டிக் கொடுத்தாராம். சேலைக்கு ரோஸ். நாற்பது வருடம் அந்தப் படம் கூடத்தில் தொங்கியது. வீடு மாறும்போது பெட்டிக்கு அடியிலிருந்து கல்யாணச் சேலை வெளியே வந்தது. அது நீலம்.

“எங்க அம்மா அதத் தொட்டுப் பார்த்துட்டு, ‘இது யாரோட சீலை?’ன்னு கேட்டாங்க. கட்டுனவங்களே அவங்கதான். போட்டாவப் பார்த்துப் பார்த்து உள்ள இருந்தது போயிடுச்சு.” பேனாவைத் துடைத்துக் கீழே வைத்தார். “சுவத்துல தப்பா அடிச்சா மேல இன்னொரு கோட்டு பெயின்ட் அடிக்கலாம். இதுக்கு அப்படி இல்ல.”

இதையெல்லாம் ஒரு சுவாரசியமான குணமாகத்தான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன், சுப்பையா வரும்வரை.

சுப்பையா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்து நான்கு வயது. பிரிக்பீல்ட்ஸின் பழைய ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தவர். அங்கே தலைமைக் கிளார்க்காக இருந்த ஒரு சிலோன்காரர் சலனப்படம் பிடிக்கும் கேமரா வைத்திருந்தார். அவர் ஒரு தைப்பூசத்தன்று பத்துமலையில் எடுத்த சுருள், அவருடைய பேரப்பிள்ளைகள் பெட்டாலிங் ஜெயா வீட்டை ஒழித்தபோது கிடைத்து, கைமாறி சுப்பையாவிடம் வந்து சேர்ந்தது. அதில் நாற்பது நொடி அவருடைய அம்மா வருகிறார். தலையில் பால்குடம், பக்கத்தில் இன்னொரு இளம்பெண், இருவரும் படி ஏறுகிறார்கள். தங்க நிறச் சிலையெல்லாம் இல்லாத காலம். பின்னால் வெறும் பாறை.

அந்த வருடக் கடைசியில் இரண்டாவது பிரசவத்தில் அம்மா இறந்துபோனார். சுப்பையாவுக்கு அப்போது நான்கு வயது. அம்மா அசைவதைப் பார்த்ததாக அவருக்கு நினைவிருப்பது இந்தச் சுருளில் மட்டும்தான்.

“அன்னிக்கு நானும் மலையில இருந்தேனாம்” என்றார். “எனக்கு ஞாபகம் இருக்கறது பொரி உருண்டை. அம்மா இல்ல, பொரி உருண்டை. எப்படி மூளை பாருங்க.”

அவருடைய கண்ணின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டிருந்தது. நேராகப் பார்த்தால் எதிரே இருப்பவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அழுக்கு வட்டம் தெரியும் என்றார். ஓரப் பார்வை மிச்சம் இருந்தது. அதிலும் நிறங்கள் கழுவிப் போட்டதுபோல ஆகிவிட்டன. இன்னும் நான்கு மாதம் போனால் நிறம் என்பதே இருக்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்குள் அம்மாவை நிறத்தில் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வந்தார்.

“பிரிக்பீல்ட்ஸ்காரனுக்குக் கண்ணு போனா பயம் இல்ல தங்கச்சி” என்று அக்காவிடம் சொன்னார். “பார்வை இல்லாதவங்களுக்குன்னே ரோட்டோரம் பூரா மஞ்சக் கோடு போட்டு வெச்சிருக்காங்க. ஆனா எங்கம்மாகிட்டப் போறதுக்குக் கோடு கெடையாது.”

அக்கா வேலையை உடனே எடுத்துக்கொண்டார். பாறை, படி, பால்குடத்தின் பித்தளை, வேப்பிலை ஆகியவற்றுக்குச் சாட்சி கிடைத்தது. அம்மாவின் தோல் நிறத்துக்கு சுப்பையாவின் கையையே மூன்று விளக்கிலும் பிடித்துப் பார்த்தார். தாய்மாமன் ஒருவர் சாகும் முன், ‘உன் கை உன் அம்மா கை’ என்று சொல்லியிருந்ததை நோட்டில் எழுதிக்கொண்டார். சேலைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“தைப்பூசம் தங்கச்சி. பால்குடம். மஞ்ச சீலைதான். எல்லாரும் மஞ்சதான் கட்டுவாங்க” என்றார் சுப்பையா.

“எல்லாரும் கட்டுவாங்க. இவங்க கட்டுனாங்களா? யார் பார்த்தா?”

“இது என்னம்மா கேள்வி?”

அக்கா படத்தைப் பெரிதாக்கினார். “பக்கத்துல வர்ற பொண்ணப் பாருங்க. அது சீலை எவ்வளவு வெளிறி இருக்கு? அது மஞ்சளா இருக்கலாம். மஞ்ச இந்த ஃபிலிம்ல வெளுப்பாத்தான் விழும். உங்க அம்மா சீலை அதைவிட இருட்டா இருக்கு அண்ணே. ரெண்டும் ஒரே வெயில்ல நடக்குது.”

“அப்ப என்ன கலரு?”

“அதுதான் தெரியாது. செவப்பும் பச்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படம் எடுத்தா ரெண்டும் ஒரே சாம்பலா விழும். நீலமாக்கூட இருக்கலாம். ஃபிலிம் சொல்லாது. ஆள்தான் சொல்லணும்.”

சுப்பையா எழுந்துவிட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். “எனக்கு நாலு மாசம் குடுத்திருக்காங்க, அதுல ஒரு மாசம் போயிடுச்சு. நீங்க இங்க கோர்ட்டு நடத்துறீங்க. மஞ்ச அடிங்க. நான் சொல்றேன், நான் மகன், எம் பேர எழுதிக்குங்க.”

“நீங்க பார்த்தது பொரி உருண்டைதான் அண்ணே.”

கீழே பூக்கடையில் யாரோ சில்லறை கேட்டுச் சத்தம் போட்டார்கள்.

“மஞ்ச அடிச்சா நீங்க இருக்கிற வரைக்கும் அவங்க மஞ்சதான்” என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல். “கண்ணு போன பெறகு உள்ள இருக்கப்போறதும் அதுதான். அத வந்து என்னால மாத்த முடியாது.”

சுப்பையா சுவரைத் தொட்டுத் தொட்டுப் படி இறங்கிப் போனார். எனக்கு அக்காவின் மேல் ஆத்திரமாக வந்தது. ஒரு மனிதரின் கடைசி வெளிச்சத்தில் நின்றுகொண்டு ஒழுங்கு பேசுகிறாரே என்று தோன்றியது. அதைச் சொல்லவும் சொன்னேன்.

“அந்தப் பக்கத்துல வர்ற பொண்ணு யாருன்னு கண்டுபிடிங்க பேப்பர் அண்ணே” என்றார். “அதுதான உங்க வேலை.”

கண்டுபிடித்தேன். குவாட்டர்ஸ்வாசிகள் ஆளுக்கொரு பக்கம் சிதறியிருந்தாலும், ஒருவர் மற்றவரின் சாவு வீட்டுக்காவது போய்க்கொண்டிருந்தார்கள். மூன்று தொலைபேசி அழைப்பில் பெயர் கிடைத்தது. தைலம்மா, பக்கத்து வீட்டுப் பெண். படத்தில் பத்தொன்பது வயது. இப்போது எண்பதை நெருங்குகிறார். கிள்ளானில் மகன் வீட்டில் இருக்கிறார்.

மறுநாளே போனேன். ஒடுங்கிய வரிசை வீடு, வாசலில் காலணி அடுக்கு, உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கைபேசியில் படத்தைக் காட்டி, “இது சுப்பையாவோட அம்மாதானே பாட்டி? கட்டியிருக்கறது மஞ்ச சீலைதானே?” என்று கேட்டேன்.

கிழவி படத்தை நெடுநேரம் பார்த்தார். “தைப்பூசம்னா மஞ்சதான்யா” என்றார்.

நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ரயிலிலிருந்தே அக்காவுக்குப் போன் செய்து, சாட்சி கிடைத்துவிட்டது என்றேன். எனக்குள் சிறிய வெற்றிகூட இருந்தது. “ரெக்கார்ட் பண்ணீங்களா?” என்றார் அவர்.

அறைக்கு வந்ததும் என் கைபேசிப் பதிவைப் போட்டுக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

“மஞ்சங்கிற வார்த்தைய மொதல்ல சொன்னது யாரு?”

நான் பதிவை நிறுத்தினேன்.

“அவங்க தைப்பூசத்தப் பத்தித்தான் சொல்றாங்க. சீலையப் பத்திச் சொல்லல. இது உங்க சாட்சி அண்ணே. அவங்களோடது இல்ல.”

இருபது வருடம் செய்தி எழுதியவன் நான். பதிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்காதே என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அதைச் செய்துவிட்டு வந்து நின்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை இருவருமாகப் போனோம். சென்ட்ரல் நிலையத்திலிருந்து கிள்ளானுக்கு ரயில். அக்காவின் மடியில் மடிக்கணினி, கைப்பையில் ஷேட் கார்டுகள். வழியெல்லாம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: “உள்ள போனதும் எந்தக் கலர் பேரும் உங்க வாயில வரக்கூடாது.”

வீட்டில் தைலம்மாவின் மருமகள் கோப்பி கொண்டுவந்து வைத்தார். அக்கா அனுமதி கேட்டு குழல் விளக்கை அணைத்து, கிழவியின் நாற்காலியை வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்தி, மடிக்கணினியில் படத்தை ஓடவிட்டார். நான் போன தடவை காட்டியது அசையாத படம். இப்போது அந்த இரண்டு பெண்களும் நடந்தார்கள்.

“ஐயோ, இந்த ஒல்லிக்குச்சி நானா?” என்றார் தைலம்மா. பல் இல்லாத வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஏண்டி, இங்க வந்து பாரு. என்னையப் போயி குண்டுங்கறியே!”

மருமகள் எட்டிப் பார்த்து, “யாரு அத்தே இது, சினிமாக்காரி மாதிரி” என்றார். கிழவிக்கு அது பிடித்திருந்தது.

மூன்றாவது தடவை ஓடும்போது அக்கா கார்டுகளை விரித்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார். அறுபது எழுபது நிறங்கள். பெயர் எதிலும் இல்லை, எண் மட்டும்தான்.

“பாட்டி, உங்க சீலை இதுல எது?”

கிழவியின் விரல் யோசிக்காமல் போய் மஞ்சளில் விழுந்தது. சந்தன மஞ்சளுக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் ஒன்று.

“அவங்களோடது?”

விரல் மஞ்சளின் மேலேயே இருந்தது. பிறகு எடுத்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். அக்கா ஓட்டினார். இந்தத் தடவை கிழவி தன்னைப் பார்க்கவில்லை. விரல் கார்டுகளைத் தாண்டிப் போய், கிளிப்பச்சையில் நின்றது.

“இது” என்றார்.

அக்கா எண்ணை எழுதினார். ஏன், எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. கேட்காததால்தான் கிழவி பேசினார் என்று நினைக்கிறேன்.

“முந்தின நாள் வெளக்கு வெக்கற நேரம் வந்து கேட்டா. எங்கிட்ட மஞ்ச ரெண்டு இருந்துச்சு. புதுசு ஒண்ணு, பழசு ஒண்ணு. பழசக் குடுடி, பால்குடம் எடுத்துட்டுத் தொவைச்சுத் தந்துர்றேன்னா. பாலு கொட்டுனா கறை போவாதுன்னு சொல்லிட்டேன்.” நிறுத்தினார். “கறை என்ன கறை. எனக்கு எடுக்கற நெறம், எடுக்காத நெறம், எல்லாம் அவளுக்கு எடுப்பா இருக்கும், எனக்குப் பொறுக்கல. அதுதான்.”

மருமகள் கோப்பித் தட்டோடு அப்படியே நின்றார்.

“அவகிட்ட நல்ல சீலைன்னு இருந்தது இந்தப் பச்சை ஒண்ணுதான். காலைல அதக் கட்டிட்டு வந்து நிக்கிறா. ஊரே மஞ்ச, இவ ஒருத்தி பச்சை. மலை ஏறி எறங்குற வரைக்கும் எங்கூடச் சிரிச்சுப் பேசிட்டுத்தான் வந்தா. அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. வருசம் முடியறதுக்குள்ள போயிட்டா.”

கிழவி அக்காவின் கையைப் பிடித்தார். “அவன்கிட்ட இதச் சொல்லிராதம்மா. நான் குடுக்கலங்கறத.”

“எங்கிட்ட மூணு காலம்தான் பாட்டி” என்றார் அக்கா. “பொருள், கலர், பார்த்தவங்க. உங்க பேரு வரும். வேற எதுக்கும் அதுல எடமில்ல.”

திரும்பும்போது ரயிலில் நான்தான் பேசினேன். எல்லாரும் மஞ்சள், அம்மா மட்டும் பச்சை என்றால் சுப்பையா ஏன் என்று கேட்காமல் இருப்பாரா? ஏழ்மையால் என்று நினைத்துப் புண்படுவாரே. அதற்குப் பதில் மஞ்சளே பூசிவிட்டால் என்ன? இந்த உலகத்தில் அந்த நிறம் தெரிந்தவர், மருமகளையும் சேர்த்து நான்கு பேர், நால்வரும் வாயை மூடிக்கொள்ளலாம். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஷா ஆலம் தாண்டிய பிறகு, “நீங்க பேப்பர்ல அப்படி எழுதுவீங்களா?” என்றார்.

நாற்பது நொடி, அறுநூற்று நாற்பது படங்கள். சேலை மடிப்பு ஒவ்வொரு படத்திலும் வேறு. நாளுக்கு முப்பதுக்கு மேல் அவரால் முடியாது. சுப்பையாவின் கோபம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. தினமும் சாயங்காலம் போன் செய்வார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அக்கா வேலையை நிறுத்தாமல் பதில் சொல்வார்.

“எது வரைக்கும் வந்திருக்காங்க தங்கச்சி?”

“பதினாலாவது படி.”

“மூச்சு வாங்குதா?”

“அவங்களுக்கு இல்ல. எனக்குத்தான்.”

மூன்று வாரத்துக்கும் கொஞ்சம் அதிகமாக ஆனது. வேலை முடிந்த அன்று மதியம் இரண்டரை மணிக்கு சுப்பையா வந்தார். மாடிப்படியில் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தது நான். போன தடவை சுவரைப் பிடித்தாவது தனியாக இறங்கியவர். திரைக்கு ஒரு முழ தூரத்தில் நாற்காலி போட்டோம். அவர் திரையைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, திரைக்குப் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்தார். அப்படிப் பார்த்தால்தான் திரை கண்ணின் ஓரத்தில் விழும்.

அக்கா ஓடவிட்டார்.

மஞ்சள் மஞ்சளாகக் கூட்டம் படி ஏறியது. அந்த மஞ்சள் ஒவ்வொன்றுக்கும் தைலம்மா பெயரும், பிறகு தேடிக் கண்டுபிடித்த குவாட்டர்ஸ்காரர் இருவர் பெயரும் நோட்டில் இருந்தன. சாட்சி இல்லாத நான்கைந்து பேர் சாம்பலாகவே ஏறினார்கள். நடுவில் ஒரு பச்சை.

சுவரைப் பார்த்தபடியே சுப்பையா கேட்டார். “பச்சையா அது?”

“பச்சைதான்.”

“மத்ததெல்லாம் மஞ்ச.”

“ஆமா.”

“யார் பார்த்தா?” என்றார். அந்த அறையில் அதை அக்காவைத் தவிர வேறு ஒருவர் கேட்டு நான் கேட்டதில்லை.

“தைலம்மா. பக்கத்துல ஏறுறாங்களே, அவங்க.”

“ஏன் பச்சை?”

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் விரல் விசைப்பலகையின் மேல் இருந்தது.

“அத நான் கேட்கல அண்ணே” என்றார். அது உண்மை. அவர் கேட்கவில்லைதான்.

சுப்பையா தலையாட்டினார். படம் முடிந்து மறுபடி ஓடியது. மூன்றாவது தடவை, அம்மா திரைக்குள் வரும் இடத்தில் விரலை நீட்டி, சுவரைப் பார்த்தபடியே, சரியாகத் தொட்டார். விரல் பச்சையின் கூடவே படி ஏறியது.

“மஞ்சளா இருந்திருந்தா நான் தேடியிருப்பேன் தங்கச்சி” என்றார். “எனக்கு மொகம் தெரியல. எந்த மொகமும் தெரியல. இவ்வளவு மஞ்சள்ல எது எங்கம்மான்னு யாராவது வெரலப் பிடிச்சுக் காட்டியிருக்கணும்.”

அக்கா மறுபடி போட்டார்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன், தொழில் பழக்கம். மூன்று மணிக்குள் இருபத்தாறு தடவை ஓடியது. இருபதாவது தடவைக்கு மேல் சுப்பையா கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும் விரல் எழும்பியது, சரியான நேரத்தில், சரியான இடத்தில்.

அதன் பிறகு தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதைத் திரைப் பக்கம் கொண்டுபோய், “ஃபேன நிறுத்துங்க” என்றார். “ரெண்டு பேரும் ஏதோ பேசிக்கிட்டே ஏறுறாங்க.”

அக்கா எழுந்துபோய் விசிறியை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து ஓடவிட்டார்.

அந்தச் சுருளில் ஒலி கிடையாது.